மஞ்சள் பூசிய வீக்கம்

சுங்குவார்சத்திரத்தில் பஸ் ஸ்டாப்புக்குப் பின்னால் இருக்கும் தெருக்களில் யார் வீட்டில் பிள்ளை பிறந்தாலும், சொந்தக்காரர்களுக்குப் போன் போட்ட கையோடு சந்திரம்மாளுக்கும் போன் போட்டுவிடுவார்கள். பச்சைப் பிள்ளையைக் குளிப்பாட்ட அவளை விட்டால் ஆள் கிடையாது. மனைப்பலகையில் உட்கார்ந்து காலை நீட்டி, பிள்ளையைக் குப்புறக் கிடத்தி, முதுகில் வெந்நீர் ஊற்றி உருவிவிட்டாள் என்றால், எப்பேர்ப்பட்ட அழுமூஞ்சியும் கொட்டாவி விட்டுத் தூங்கிவிடும். ராசியான கை என்று பெயர் வாங்கியவள். அந்தக் கையில் போட்டுக்கொள்ளத் தனக்கென்று ஒரு பிள்ளை பிறக்கவில்லை என்பதை அவளும் பேசமாட்டாள், தெருவும் அவள் எதிரில் பேசாது. கணவர் நடேசன் போய்ச் சேர்ந்த பிறகு, வீட்டுக்குப் பின்னால் வரிசையாக ரூம் கட்டி வாடகைக்கு விட்டிருந்தாள்.

மாரிசெல்வியும் உச்சிமாகாளியும் அந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். மாரிசெல்வி நாங்குநேரிப் பக்கம். தாவரவியலில் பட்டம் வாங்கிவிட்டு, செல்போன் செய்யும் கம்பெனியில் லைனில் நின்றாள். உச்சிமாகாளி உடன்குடிக்காரன், ஒரகடத்தில் கார் பாகம் செய்யும் கம்பெனியில் கான்ட்ராக்ட். கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கும் இடத்தில் பார்த்துப் பழகிக் கல்யாணம் கட்டிக்கொண்டதில், இரண்டு வீட்டாரும் அவர்களைத் தலைமுழுகிவிட்டார்கள். வேற்றுச் சாதி என்றால் தென்பாண்டிச் சீமையில் சும்மாவா விடுவார்கள்? பெரியவர்கள் யாரும் கூட வராத புது ஜோடிக்கு வீடு கொடுக்க இங்கேயும் எல்லோரும் யோசித்தார்கள். எந்த ஊர், என்ன ஆளுங்க, கல்யாண போட்டோ இருக்கா என்று வாசலிலேயே நிறுத்தி விசாரித்து அனுப்பினார்கள். சந்திரம்மாள் கேட்டது வேறு.

"இன்னாடி, மூஞ்சி இப்டி வாடிக் கீது? துன்னீங்களா இல்லியா ரெண்டு பேரும்?"

மாரிசெல்வி அந்த இடத்திலேயே அழுதுவிட்டாள். பெற்றவள் போனை எடுக்காமல் போய் மாதக்கணக்காகிவிட்டது.

வீட்டுக்குப் பின்னால் ஒரு வேப்பமரம். இளமரம், தொடைப் பருமன் இருக்கும். துணி காயப்போட சுவரிலிருந்து மரத்துக்கு ஒரு கயிறு கட்டலாம் என்று உச்சிமாகாளி சுத்தியலும் ஆணியுமாகப் போனான். சந்திரம்மாள் அடுப்படியிலிருந்து கத்திக்கொண்டே ஓடி வந்தாள்.

"ஆணி கீணி அடிச்சிடாத தம்பி! அது அம்மன் ஒடம்பு. உனுக்குப் புண்ணியமாப் போவும்."

அவன் நாக்கைக் கடித்துக்கொண்டான். பக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த வீட்டிலிருந்து கட்டுக்கம்பி வாங்கி வந்து, மரத்தைச் சுற்றி இரண்டு சுற்றுச் சுற்றி, கட்டிங் பிளேயரால் முறுக்கி, அதில் கயிற்றைக் கட்டினான்.

"எங்க ஊர்ல பனையில இப்படித்தான் கட்டுவோம். எங்கய்யா வேலிக்குக் கட்டுன கம்பி நான் பிறக்கும் முன்னால கட்டுனது, இன்னும் அப்படியே கெடக்கு. பனைக்கு ஒரு கீறல் கெடயாது" என்றான்.

பெரியவர் சொல்லுக்கு மரியாதை கொடுக்கிற பையன் என்று சந்திரம்மாளுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. மரத்தை நோகடிக்கக் கூடாது என்று மூன்று பேருமே நினைத்தார்கள், அதுதான் கொடுமை. மாரிசெல்வி சிரித்துக்கொண்டே முதல் ஈரத்துணியை அந்தக் கயிற்றில் போட்டாள்.

இந்த மாரிசெல்வி கல்லூரியில் தண்டை வெட்டிப் பார்ப்பதில் பெயர் வாங்கியவள். பிளேடைத் தண்ணீரில் நனைத்து, இளந்தண்டைக் குறுக்கே கண்ணாடிபோல் மெலிதாகச் சீவி, சாஃப்ரனின் சாயத்தில் போட்டு, மைக்ரோஸ்கோப்பில் வைத்தால் சிவப்பும் வெள்ளையுமாக ஒரு கோலம் தெரியும். தோல், அதற்குள் புறணி, அதற்குள் வட்டமாக அடுக்கிய கற்றைகள், நடுவே பஞ்சுபோன்ற சோற்றி. படம் போட்டு பாகம் குறித்தால் முழு மார்க்கும் அவளுக்குத்தான். அந்தப் படிப்பை வைத்துக்கொண்டு வேலை தேடி அலுத்துத்தான் இங்கே வந்தாள். கம்பெனியில் அவளிடம் கேட்ட ஒரே கேள்வி, மைக்ரோஸ்கோப்பில் பார்த்துப் பழக்கம் உண்டா என்பது. உண்டு என்றாள். அன்றிலிருந்து ஷிப்ட் முழுவதும் சால்டர் வைத்துப் பற்றவைத்த இடத்தில் விரிசல் இருக்கிறதா என்று பார்ப்பதே அவள் பிழைப்பாகிவிட்டது. மயிரிழை விரிசலும் அவள் கண்ணுக்குத் தப்பாது என்று சூப்பர்வைசரே சொல்லுவான்.

குடிவந்த மறு வருஷம் அவளுக்கு நாள் தள்ளிப்போனது. மூன்று மாதம் நிறைவதற்குள் கலைந்துவிட்டது. இதற்கெல்லாம் காரணம் சொல்ல முடியாது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். சந்திரம்மாள்தான் பூண்டுக் குழம்பும் சுடுசோறுமாகப் போட்டு அவளைத் தேற்றினாள். வேப்பமரத்தடியில் விளக்கேற்றி ஒரு வேண்டுதலும் வைத்தாள்.

"உனுக்கு ஒண்ணு பொறக்கட்டும். என் கால் மேல போட்டு நான் குளிப்பாட்டணும். ஊரான் வூட்டுப் புள்ளையெல்லாம் குளிப்பாட்டிட்டேன், என் வூட்டுல ஒண்ணு குளிப்பாட்டலியே."

என் வீடு என்று சொன்னாளே, அந்த ஒரு சொல்லுக்காக மாரிசெல்வி அவளுக்கு என்ன வேண்டுமானாலும் செய்திருப்பாள். அதுவரை அக்கா என்று கூப்பிட்டவள் அன்றிலிருந்து அம்மா என்று கூப்பிட ஆரம்பித்தாள்.

பிறகு மாடியில் தகரம் போட்டதும் துணி காயப்போடுவது அங்கே போய்விட்டது. கயிற்றை அவிழ்த்தார்கள். கம்பியை அவிழ்க்க யாருக்கும் தோன்றவில்லை. மரம் பெருத்தது. பட்டை கம்பியை மூடிக்கொண்டது. கண்ணுக்குத் தெரியாத ஒன்றை யார் நினைத்துக்கொண்டிருப்பார்கள்?

ஓர் ஆடி மாதம் கூழ் ஊற்ற மரத்தடியைக் கழுவும்போதுதான் சந்திரம்மாள் அதைப் பார்த்தாள். மரத்தின் இடுப்பில், சுற்றிலும் உப்பிக்கொண்டு ஒரு வீக்கம்.

"செல்வி! ஓடியா, ஓடியா! இன்னா தெர்து பாரு. வயிறுடி! அம்மா வயித்தக் காட்டிக்கினு நிக்கிறா!"

மாரிசெல்வி பார்த்தாள். மரத்தில் இப்படிக் கட்டி விழுவது உண்டு என்று ஒரு கணம் நினைத்தாள். அதற்கு மேல் அவள் நினைக்கவில்லை. பிள்ளைக்காக ஏங்கிக்கொண்டிருப்பவளிடம் ஒரு மரம் வயிற்றைக் காட்டினால் பாடப்புத்தகமா ஞாபகம் வரும்? சந்திரம்மாள் மஞ்சளை அரைத்து வீக்கம் முழுக்கப் பூசி, நடுவில் குங்குமம் வைத்து, மஞ்சள் சேலை சுற்றினாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் வெள்ளிக்கிழமை தோறும் வர ஆரம்பித்தார்கள்.

சேலைக்குக் கீழே, அடிமரத்தில் மட்டும் ஒரு தொந்தரவு. கொத்துக்கொத்தாகச் செந்தளிர் முளைத்துக்கொண்டே இருந்தது. சேலை ஒழுங்காக உட்காரவில்லை. சந்திரம்மாள் விடிந்ததும் முதல் வேலையாக அதையெல்லாம் கிள்ளி, மரத்தடியைத் துடைத்தாற்போல் ஆக்கிவிட்டுத்தான் பல்லே விளக்குவாள். கிள்ளக் கிள்ள மரம் துளிர்த்தது. அவளும் சளைக்கவில்லை.

அடுத்த கோடையில் அந்த வேம்பு பூத்த பூவை அந்தத் தெரு அதற்கு முன் பார்த்ததில்லை. பழம் உதிர்ந்து கால் வைக்க இடமில்லாமல் போயிற்று. அதற்கு அடுத்த ஆடியில் மாரிசெல்விக்கு மறுபடியும் நாள் தள்ளிப்போனது. இந்தத் தடவை நின்றது. சந்திரம்மாளுக்குத் தரையில் கால் பாவவில்லை. பழைய வெள்ளைச் சேலைகளைக் கிழித்துத் துணி மடித்து வைத்தாள். மனைப்பலகையைத் தேய்த்துக் கழுவி வெயிலில் காயவைத்தாள். வேறு வீட்டுப் பிள்ளையைக் குளிப்பாட்டப் போனால்கூட, "எங்கூட்லயும் ஒண்ணு வருது" என்று சொல்லிவிட்டுத்தான் வருவாள்.

மாசியில் வேப்பிலை உதிர்ந்தது. எல்லா வேம்பும் மாசியில் உதிர்க்கும், அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பங்குனி பிறந்து தெருக்கோடி வேம்பெல்லாம் தளதளவென்று துளிர்த்து நின்றபோதும், இந்த மரம் மட்டும் குச்சியாக நின்றது. அடியில்கூட ஒரு தளிர் இல்லை. மாரிசெல்விக்கு அப்போது நிறைமாதம், லீவு போட்டுவிட்டு வீட்டில் இருந்தாள்.

சந்திரம்மாள் சோறு தின்பதை நிறுத்தினாள். காலையில் ஈரச்சேலையோடு மரத்தைச் சுற்றினாள், சாயங்காலம் மறுபடி சுற்றினாள்.

"அம்மா போயிட்டாடி. அவ வயிறு வத்திப்போச்சி. எதுனா வரப்போவுது. உனுக்கு வரக்கூடாது தாயே, எனுக்கு வரட்டும்" என்று மரத்தைப் பார்த்தே பேசிக்கொண்டிருந்தாள்.

அவள் அப்படிக் கரைவதைப் பார்க்கச் சகிக்காமல், ஒருநாள் அவள் கடைக்குப் போன நேரத்தில் மாரிசெல்வி மரத்தடிக்குப் போய்ச் சேலையை விலக்கினாள். பூச்சி அரித்திருந்தால் மருந்து ஏதாவது வைக்கலாம் என்று நினைத்துத்தான் விலக்கினாள். வீக்கத்துக்குக் கீழே ஒரு பள்ளம் மரத்தைச் சுற்றி ஓடியது. விரலை விட்டாள். உள்ளே துரு ஒட்டியது.

அடிவயிற்றில் பிள்ளை உதைத்ததுகூட அவளுக்கு உறைக்கவில்லை. கல்லூரியில் கோமதிநாயகம் சார் வருஷா வருஷம் கேட்கும் ஐந்து மார்க் கேள்வி இது. மரத்தின் பட்டையை வளையமாக எடுத்துவிட்டால் என்ன ஆகும்?

வேம்பு போன்ற மரத்தில் தண்ணீர் ஏறும் குழாய் உள்ளே கட்டையில் இருக்கிறது, அது சைலம். இலை சமைத்த சோறு வேருக்கு இறங்கும் குழாய் பட்டைக்கு அடியில் மெல்லிய வளையமாக இருக்கிறது, அது ஃபுளோயம். இரண்டுக்கும் நடுவிலுள்ள காம்பியம் வருஷா வருஷம் இரண்டையும் புதிதாகச் செய்துகொண்டே போவதால்தான் மரம் பெருக்கிறது. மரம் பெருத்தது, கம்பி பெருக்கவில்லை. கம்பி பட்டையை நெரித்து, சோறு இறங்கும் வழியை அடைத்துவிட்டது. உள்ளே தண்ணீர் ஏறிக்கொண்டே இருந்ததால் தலை பச்சையாகவே இருந்தது, யாருக்கும் சந்தேகம் வரவில்லை. இறங்க முடியாத சோறு கம்பிக்கு மேலே தேங்கி வீங்கியது. தேங்கியது அத்தனையும் பூவாகவும் பழமாகவும் கொட்டியது. கீழே வேர் இருப்பைத் தின்று தின்று, இருப்புத் தீர்ந்ததும் செத்துப்போயிற்று. பனைக்கு இந்தத் தொல்லையெல்லாம் கிடையாது. அதன் குழாய்கள் தண்டு முழுக்கச் சிதறிக் கிடக்கும், ஒரு வயசுக்கு மேல் பருக்கவும் செய்யாது. பனையில் கட்டிய கம்பி வளையல் மாதிரி கிடக்கும். உடன்குடிக்காரன் பார்த்து வளர்ந்த மரம் அது. ஒரே ஒரு ஆணி அடித்திருந்தால் வேம்பு அதை விழுங்கிவிட்டுத் தன்பாட்டுக்கு வளர்ந்திருக்கும்.

எல்லாவற்றையும் அவள் படித்திருக்கிறாள். கம்பி கட்டும்போது பக்கத்தில் நின்று சிரித்திருக்கிறாள். அதில் வருஷக்கணக்கில் துணி காயப்போட்டிருக்கிறாள்.

உச்சிமாகாளி வேலை முடிந்து வந்ததும் பிளேயரை எடுத்துக்கொண்டு போனான். கம்பி துண்டுதுண்டாகத்தான் வந்தது. பாதி மரத்துக்குள்ளேயே நின்றுவிட்டது. அவன் கையைத் துடைத்துக்கொண்டு மரத்தடியிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"நான்லா கட்டுனேன். நல்லதுன்னுலா கட்டுனேன்" என்றான். பிறகு, "அவங்ககிட்ட இப்ப சொல்லாத. பேறுகாலம் முடியட்டும்" என்றான்.

"பிள்ளைக்கு என்னமும் ஆயிரும்னு பயந்து அவங்க சோறு திங்காம கெடக்காங்க. இது அபசகுனமும் இல்ல ஒண்ணும் இல்ல, கம்பின்னு சொல்லிட்டா நிம்மதியாயிருவாங்க" என்றாள் மாரிசெல்வி.

நல்ல எண்ணத்தோடுதான் போனாள். சந்திரம்மாள் பூஜை அலமாரிக்கு எதிரே முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மாரிசெல்வி வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் பக்கத்தில் உட்கார்ந்து கம்பியைப் பற்றிச் சொன்னாள்.

"அம்மன் ஒண்ணும் கோவிச்சிக்கல. எங்க தப்புதாம்மா. பிள்ளைக்கும் இதுக்கும் சம்பந்தமே கெடயாது."

சந்திரம்மாள் மூச்சு விட்டாள். முகத்தில் கொஞ்சம் தெளிவுகூட வந்தது. அங்கே நிறுத்தியிருக்கலாம். ஐந்து மார்க் கேள்விக்கு மூன்று மார்க் விடை எழுதிப் பழக்கமில்லாதவள் ஆயிற்றே! வீக்கம் ஏன் வந்தது, பூ ஏன் கொட்டியது என்று ஒன்று விடாமல் சொன்னாள். அம்மனின் வயிறு அங்கேயே இல்லாமல் போயிற்று.

"அப்ப அடியில துளுத்துதே, அது இன்னாடி?"

"மேல இருந்து சோறு வரலன்னதும் மரம் கீழேயே இலை விட்டுப் பாத்திருக்கும்மா. அது வேருக்குச் சோறு போடும்."

"நான் கிள்ளாம வுட்டிருந்தா?"

மாரிசெல்விக்கு அப்போதுதான் தான் எங்கே வந்து நிற்கிறோம் என்று தெரிந்தது. பொய் சொல்லத் தெரியாத வாய் ஒரு விநாடி தயங்கியது. அந்தத் தயக்கமே போதுமானதாக இருந்தது.

"வேரு பட்டினி கெடக்கசொல்ல, நான் மேல மஞ்சப் பூசிக்கினு இருந்தேன். அது துன்றதுக்குத் தானா எடுத்துக்கினு வந்ததயும் தெனம் கிள்ளிக் கிள்ளிப் போட்டேன்." சந்திரம்மாள் தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இத என்னாண்ட ஏண்டி சொன்ன?"

மாரிசெல்வி சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து வெளியே வந்தாள்.

சந்திரம்மாள் சண்டை போடவில்லை, காலி பண்ணு என்று சொல்லவில்லை. சண்டை போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தெருப்பெண்கள் வந்து மரம் என்ன ஆயிற்று என்று கேட்டபோது, "பூச்சி அரிச்சிட்சி" என்று சொல்லி முடித்துவிட்டாள். கம்பி என்ற சொல் அவள் வாயிலிருந்து வெளியே போகவே இல்லை. போயிருந்தால் அம்மனைக் கொன்ற தெற்கத்திக்காரன் என்று உச்சிமாகாளியைத் தெரு சும்மா விட்டிருக்காது. சேலையை அவிழ்த்து மடித்து வைத்தாள். வழக்கம்போல மாரிசெல்விக்குச் சோறு போட்டாள், கால் வீக்கத்துக்கு ஒத்தடம் கொடுக்க வெந்நீர் வைத்துத் தந்தாள். ஒத்தடத்தை மட்டும் உச்சிமாகாளியைக் கொடுக்கச் சொன்னாள்.

சித்திரையில் பெண் பிறந்தது. கனிஷ்கா என்று பெயர் வைத்தார்கள். அரசு ஆஸ்பத்திரியிலிருந்து ஆட்டோவில் வந்து இறங்கியபோது சந்திரம்மாள் ஆலம் சுற்றினாள். திருஷ்டிப் பொட்டை வைக்க மாரிசெல்வியிடமே மைச்சிமிழை நீட்டினாள். அப்போதும் மாரிசெல்விக்குப் புரியவில்லை.

மறுநாள் காலை அண்டாவில் வெந்நீர் கொதித்தது. நொச்சி இலை போட்டிருந்தாள். மனைப்பலகை, சீயக்காய், சாம்பிராணி, மடித்த வெள்ளைத் துணி எல்லாம் தயாராக இருந்தது. மாரிசெல்வி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பலகையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தது பக்கத்துத் தெரு தேவானை.

"நீங்க ஊத்துங்கம்மா. இதுக்குத்தான நேர்ந்துக்கிட்டீங்க?"

"தேவானை நல்லா ஊத்துவா. குடு."

"எனக்கு நீங்கதாம்மா வேணும்."

"வேணாண்டி செல்வி. இந்தக் கை வேணாம்" என்று சொல்லிவிட்டுச் சந்திரம்மாள் சொம்பைத் தேவானையிடம் நீட்டினாள்.

தேவானை பாவம், நல்லபடியாகத்தான் ஊற்றினாள். பிள்ளைக்குப் பிடிக்கவில்லை. மூச்சு அடைத்துவிடும் போல வீறிட்டது. துடைத்துத் துணியில் சுற்றிய பிறகும் அடங்கவில்லை. சந்திரம்மாள் சுவரோரமாக உட்கார்ந்து, கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாரிசெல்விக்குப் பொறுக்கவில்லை. தேவானையிடமிருந்து பிள்ளையைப் பிடுங்காத குறையாக வாங்கி, நேரே போய்ச் சந்திரம்மாளின் மடியில் போட்டாள்.

சந்திரம்மாள் பதறிப்போய் இரண்டு கைகளையும் மேலே தூக்கிக்கொண்டாள். பிள்ளை மேல் பட்டுவிடக் கூடாது என்று தோளுக்கு மேலே தூக்கியபடியே வைத்திருந்தாள். கண்ணில் தாரை தாரையாக நீர் வழிந்தது. துடைத்துக்கொள்ளக்கூடக் கையை இறக்கவில்லை.

"எடுத்துக்கோ செல்வி. எடுத்துக்கோடி. புள்ள தூங்கினு கீசொல்ல எதுனா பண்ணிடப் போறேன்."

அப்போதுதான் மாரிசெல்வி கவனித்தாள். பிள்ளை அழுகையை நிறுத்தி, அந்த மடியில் ஒரு கொட்டாவி விட்டுத் தூங்கிப்போயிருந்தது. அவள் குனிந்து பிள்ளையை எடுத்துக்கொண்டாள்.